டப்பாவில் ஒரு ராணிதான்

இன்னும் ஒரே ஒரு கட்டம்தான். உப்பு ஜாடியில் சாய்த்துவைத்த செல்போனுக்குள் வெள்ளைச் சிப்பாய் பலகையின் வலது ஓரமாகவே நடந்து நடந்து கடைசிக்கு முந்தின வரிசைக்கு வந்து நிற்கிறது, அதை ஒரு விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், உலகம்மாள் தள்ளவில்லை, வியாழக்கிழமையிலிருந்து தள்ளவில்லை, இப்போதும் அந்த விரலால் சின்ன வெங்காயத்தைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் புளிக்குழம்பு, கூட அப்பளம், அவ்வளவுதான் என்று காலையிலேயே கறாராகச் சொல்லியாயிற்று. வெங்காயம் பொடியாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார் மனிதர், உரிக்க உரிக்கக் குறையவே இல்லை, நல்லதுதான், குறையாமலே இருக்கட்டும், இது முடிந்தால் புளி கரைக்கவேண்டும், புளி கரைத்தால் தாளிக்கவேண்டும், தாளித்தால் கொதிக்கும், கொதித்து இறக்கிவிட்டால் கை சும்மா ஆகிவிடும், கை சும்மா ஆனால் அந்தச் சிப்பாய்க்கு ஒரு வழி சொல்லியாகவேண்டும். திரையின் கீழே அவளுடைய கடிகாரம் ஓடுகிறது. இந்த ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நினைத்தபோது ஒரு காயை நகர்த்தலாம், மூன்று நாளுக்குள் நகர்த்தாவிட்டால் தோற்றதாகக் கணக்கு. அந்த மூன்று நாளும் இன்று மத்தியானத்தோடு தீருகிறது. எதிரே ஆடுகிற ஆளின் பெயர் கறுப்புக்குடை7. படம் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்பது கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு வார்த்தை பேசாமல் தன்னோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிற அந்தக் கறுப்புக்குடை, தென்காசியில் தனியாக இருக்கிற தன் அக்கா பிரமநாயகிதான் என்பது உலகம்மாளுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்காவை ஆட்டத்தில் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. எடுத்த எடுப்பில் குதிரைதான். முதலில் ஒரு குதிரை, பிறகு இன்னொரு குதிரை, காலையில் பால் வாங்கி வைக்கிற மாதிரி அதை முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அப்புறம் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவாள், காஸை மூடினோமா கொல்லைக்கதவைச் சாத்தினோமா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறவள் ஆட்டத்தில் மட்டும் எப்படி மாறுவாள். தன் காயைச் சும்மா கொடுக்கமாட்டாள், அடுத்தவர் காயை வெட்டவும் பறக்கமாட்டாள். தோற்கிற ஆட்டத்தைத்தான் அவள் அழகாக ஆடுவாள். நாலு சிப்பாயும் ஒரு குதிரையும் மிஞ்சினால் அதை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திவிடுவாள், ஜெயித்துவிட்டோம் என்று நாம் கொஞ்சம் அசந்தால் ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். குறை என்று சொல்லப்போனால் ராணி. ராணியை வெளியே அனுப்பவே அவளுக்கு மனம் வராது, சண்டை பாதிக்கு மேல் நடந்து முடிந்திருக்கும், ராணி பிறந்த கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். அக்கா தென்காசியை விட்டு நகரவே இல்லையே, வேலை அங்கே, வீடு அங்கே, அம்மாவைப் பார்த்துக்கொண்டதும் அங்கே, சே, அதையும் இதையும் முடிச்சுப் போடக்கூடாது, ராணி வேறு அக்கா வேறு. மேல்வீட்டில் யாரோ சுவரில் துளை போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும் இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் ஆணி அடிக்கத் தோன்றிவிடும். ஆனால் குதிரையையும் மூலை ராஜாவையும் வைத்து மட்டும் இவள் முடிவு கட்டவில்லை, குதிரைப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் நூறு பேர் இருப்பார்கள். மூன்றாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. கறுப்புக்குடையின் சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது. அப்படி வந்து சேர்ந்த சிப்பாயைப் பெரிய காயாக மாற்றிக்கொள்ளலாம். திரையில் நாலு படம் வரும், ராணி, குதிரை, யானை, மந்திரி, ராணிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும், யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ராணியைத் தொடுவார்கள், ஏற்கெனவே ஒரு ராணி இருந்தாலும் இன்னொன்று கிடைக்கும் என்பதுதான் உலகத்து விதி. கறுப்புக்குடை யானையைத் தொட்டது. தன் ராணி உயிரோடு வீட்டில் உட்கார்ந்திருக்க, வெட்டுப்பட்டுப்போன யானையை எழுப்பிக்கொண்டு வந்தது. அன்றைக்கு உலகம்மாள் கையில் கரண்டியோடு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விதி உலகத்தில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அப்பா குற்றாலம் சீசன் கடையில் வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாவில் விதிமுறைத் தாள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டதையும் ஊகித்ததையும் வைத்து இரண்டு பேரும் ஆடினார்கள், ஒருநாள் இவளுடைய சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்விட்டது, இன்னொரு ராணி வேண்டும் என்று இவள் அழுதாள், அக்கா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். "டப்பாவுல ஒரு ராணிதானட்டி இருக்கு. ரெண்டாவதுக்கு எங்க போவ? வெட்டுப்பட்டுக் கிடக்கதுல ஒண்ண எடுத்துக்கோ." அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கல்லூரிக்குப் போனபிறகுதான் உலகம்மாளுக்கு அசல் விதி தெரிந்தது, அக்காவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோனாள், நல்லவேளை மறந்தாள்.

வெங்காயம் கண்ணில் ஏறுகிறது. புறங்கையால் துடைத்தால் இன்னும் ஏறும், தெரிந்தும் துடைக்கிறாள். அக்காவுக்கு வெங்காயம் உரிக்கும்போது கண்ணே கலங்காது, எப்படி என்று கேட்டால் தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதில் போட்டு உரிட்டி கூறுகெட்டவளே என்பாள், எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், இவள் ஒருமுறைகூட அப்படி உரித்ததில்லை. கண். அந்த வார்த்தைக்கு வந்துவிட்டோமா. வேண்டாம், கொஞ்சம் பொறுத்து வரலாம். அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தக்காரர்கள் இலைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவள் ஒரு கேள்வி கேட்டாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை, துக்கம் தாங்காமல் வாயில் வந்ததைக் கேட்டாள், "முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்லக்கா, கூடவே இருந்து எப்படிப் பாக்காம விட்ட?" கையில் சாம்பார் வாளியோடு நின்ற அக்கா வாளியைக் கீழே வைக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை, அடுத்த இலைக்கு ஊற்றிக்கொண்டே சொன்னாள், "கேக்கதுக்கு மட்டும் ரயிலேறி வந்துட்டா." பந்தி முழுக்கக் கேட்டது. அம்மாவுக்குச் சோறு ஊட்டி, கால் புண்ணுக்கு மருந்து கட்டி, ராத்திரி எழுந்து எழுந்து பார்த்து, அத்தனை வருஷமும் அக்கா கூடவே இருந்தாள், தீபாவளிக்கும் சாரல் சீசனுக்கும் வந்துபோன தங்கச்சி கேட்கிற கேள்வியா அது. இல்லைதான். ஆனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிற பதிலா அது. அதுவும் இல்லைதான். அன்றைக்கே ரயிலேறித் திரும்பி வந்தவள்தான், அப்புறம் தென்காசிப் பக்கம் போகவில்லை. அடுத்த மாதம் அக்கா கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை, எடுத்தால் அழுதுவிடுவோம் என்று எடுக்கவில்லை. பிறகு இவள் கூப்பிட்டாள், அக்கா எடுக்கவில்லை, அக்கா எதற்காக எடுக்கவில்லையோ. அப்புறம் இரண்டு பேருக்கும் அதுவே பழகிப்போயிற்று. கணவர் கலியபெருமாள்தான் பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் மச்சினியைக் கூப்பிட்டு நல்லா இருக்கீங்களா என்று கேட்டு, நல்லா இருக்காங்களாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலையில் செல்போனில் கறுப்புக்குடை7 உங்களை ஆட்டத்துக்கு அழைக்கிறார் என்று வந்தது. இவள் தன் பெயரையே உலகம்மாள் என்று தமிழில் வைத்துக்கொண்டிருக்கிறவள், பெயரை மறைக்கத் தெரியாத ஆள், தேடினால் கிடைக்காமலா இருப்பாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு அங்கிருந்துதான் வரும், இவள் அழைத்ததில்லை. அக்கா விடிந்ததும் பால் காய்ச்சிவிட்டு ஒரு நகர்வு நகர்த்துவாள், இவள் வேலைக்குப் போகிற ரயிலில் அதைத் திறந்து பார்ப்பாள், அட, குதிரையை அங்கே வைத்திருக்கிறாள், அப்படியென்றால் உடம்பு நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் பால்காரன் வந்துவிட்டான், அப்படியென்றால் தென்காசியில் இன்னொரு நாள் விடிந்திருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் இந்த அம்மா எதற்குத் தனியாகச் சிரிக்கிறாள் என்று பார்ப்பார்கள்.

"உலகு, டிவி ரிமோட்டைப் பாத்தியா?" கலியபெருமாள் வாசற்படியில் வந்து நிற்கிறார், லுங்கியும் கண்ணாடியுமாக. ஃபிரிட்ஜ் மேலே என்று கண்ணாலேயே காட்டுகிறாள். எடுத்தவர் போகாமல் செல்போனை எட்டிப் பார்க்கிறார். "இன்னும் அதே இடத்துலதான் நிக்கிறியா? எனக்கே தெரியுதேம்மா, தள்ளு, ராணி வந்துடும், ஆட்டம் முடிஞ்சது." "முடிஞ்சிடும்தான்." "அப்புறம் என்ன?" "நீங்க போய் மேட்ச் பாருங்க." அவர் சிரித்துக்கொண்டே போகிறார். நாலைந்து மாதத்துக்கு முன்னால் இந்த ஆப் இவளுக்கு ஒரு அறிக்கை அனுப்பியது, உங்கள் ஆட்டப் பாணி என்று தலைப்புப் போட்டு, பொறுமைசாலி, பலம்: தற்காப்பு, எதிராளியின் தவறுக்குக் காத்திருப்பது, முன்னேற வேண்டியவை: தானாக முன்வந்து ஆடுவதில்லை, ஜெயிக்கும் நிலையிலும் தயங்குகிறார், முடிவெடுக்கக் கடைசி நிமிஷம் வரை காத்திருக்கிறார். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், "இதைச் சொல்றதுக்கு ஒரு ஆப் வேணுமா? கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்றேன்" என்றார் அவர். அப்போது சிரித்துவிட்டாள். அந்த ஆப்பில் எதிராளியின் அறிக்கையையும் பார்க்கலாம், ஒரு பொத்தான்தான், பார்த்தாள், பெருமையாக இருந்தது, கறுப்புக்குடை7, பலம்: குதிரைகளைக் கையாளும் விதம், இறுதி ஆட்டத்தில் விடாமுயற்சி, அட அக்கா, மெஷினே உன்னைப் பாராட்டுது பாரு, முன்னேற வேண்டியவை: ராணியைத் தாமதமாகக் களமிறக்குகிறார், அதுவும் சரிதான், அதற்கடுத்து ஒரு வரி, அண்மைய ஆட்டங்களில் பலகையின் ஓரக் கட்டங்களில் கவனக்குறைவு அதிகரித்துள்ளது. கவனக்குறைவு. அக்காவுக்கா. புடவைக் கரையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் தெருமுனையிலிருந்து கண்டுபிடிக்கிறவளுக்கா. படித்தபோது வயதாகிவிட்டது என்று நினைத்தாள், தூக்கக் கலக்கத்தில் ஆடுகிறாள் என்று நினைத்தாள், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் அதற்கப்புறம்தான் இவள் ஜெயிக்க ஆரம்பித்தாள்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு வெடிக்கிறது, வெந்தயம், கறிவேப்பிலை, வெங்காயத்தைக் கொட்டியதும் அந்தச் சத்தம். புளித்தண்ணீரை எடுக்கத் திரும்பும்போது ஊறுகாய் ஜாடி கண்ணில் படுகிறது, ஐயோ, இந்த ஜாடிதான், இந்த ஜாடியால்தான் எல்லாம். வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், இவர் தயிர்சாதத்தைப் பிசைந்துவைத்துக்கொண்டு ஊறுகாய் எங்கே என்று தேடினார், இங்கதான இருக்கு என்று இவள் தன் வலது கைப்பக்கம் காட்டினாள், "உனக்கு வலது பக்கம், எனக்கு அது இடது பக்கமாச்சே" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார், ஊறுகாயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இவள் சாப்பாட்டின் பாதியில் எழுந்தாள். கை கழுவிவிட்டு வந்து பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அக்கா கவனிக்காமல் விட்ட மந்திரி, அக்கா கவனிக்காமல் விட்ட யானை, பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்த குதிரை, குதிரையை அக்கா கொடுப்பாளா, எல்லாம் திரையின் வலது ஓரத்தில். வெள்ளைக்காய் ஆடினாலும் வலது ஓரம், கறுப்புக்காய் ஆடினாலும் வலது ஓரம். தன் திரையில் வலது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது இடது. அக்காவுக்கு இடது பக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அவளுக்கே தெரியவில்லையோ என்னவோ. அவளுக்கும் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது, அம்மாவுக்குக் காலில் இறங்கியது, அக்காவுக்குக் கண்ணில் ஏறியிருக்குமோ, இல்லை கண்ணே இல்லையோ, தலைக்குள் ஏதாவது அடைப்போ, நூலகத்தில் இவளோடு வேலைபார்க்கிற பெண்ணின் மாமனாருக்கு அப்படித்தான் ஆயிற்று, தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்துபோவாராம், பாதித் தட்டு தெரியவில்லை என்று வீட்டில் யாருக்கும் புரிவதற்கே நாளாயிற்றாம். அக்காவுக்குத் தட்டில் பாதிச் சோறு மிஞ்சினால் பார்க்க யார் இருக்கிறார்கள். தெருவில் இடதுபக்கம் ஆட்டோ வந்தால். அடுப்பில் இடதுபக்கம் துணி பட்டால். நினைக்காதே. புளியை ஊற்று. ஊற்றிவிட்டாள், பொங்கிக்கொண்டு மேலே வருகிறது, தீயைக் குறைக்கிறாள். இந்தச் சிப்பாய் எப்படி இங்கே வந்தது? வலது ஓரமாகவே, ஒவ்வொரு கட்டமாக, அக்கா தடுக்கவே இல்லை, ராஜா பக்கத்திலேயேதான் நிற்கிறது, ஓரடி எடுத்துவைத்திருந்தால் சிப்பாய் காலி, அக்கா வேறெங்கோ ஒரு சிப்பாயை நகர்த்திக்கொண்டிருந்தாள், ஆகா எவ்வளவு நன்றாக ஆடுகிறோம் என்று இவள் ரயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையாக மூன்று ஆட்டம் அப்படி ஜெயித்திருக்கிறாள். அக்காவுக்குக் கண் தெரியாத பக்கமாகப் போய்ப் போய் ஜெயித்திருக்கிறாள். மாதக்கணக்கில் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தாயே உலகம்மா, எப்படிப் பார்க்காமல் விட்டாய்? யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது. பதினாறாம் நாள் பந்தியில் கேட்ட அதே கேள்வி, அதே குரல், தன்னுடைய குரலேதான். அக்காவுக்கு அன்றைக்கு எப்படி வலித்திருக்கும் என்பது இந்த அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கிறது, வலித்தது, நன்றாகவே வலித்தது.

கூப்பிட வேண்டியதுதானே. நம்பர் இருக்கிறது, விரல் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது? அக்கா உனக்குக் கண் தெரியவில்லை என்றா? உனக்கெப்படித் தெரியும் என்பாள். நீதான் கறுப்புக்குடை என்று தெரியும் என்றால் போயிற்று. இத்தனை நாளும் தெரிந்துகொண்டே நடித்தாயா என்று அக்கா ஒளிந்துகொண்ட இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுவாள், நாளைக்குக் காலையில் ரயிலில் திறந்து பார்த்தால் கறுப்புக்குடை7 கணக்கை மூடிவிட்டார் என்று வரும், அப்புறம் விடிந்ததா பால் வந்ததா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது. கலியபெருமாளை விட்டுக் கேட்கச் சொன்னால் நல்லா இருக்காங்களாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பேசாமல் நேரத்தை முடியவிட்டுவிடலாமா, அக்கா ஜெயித்ததாக இருக்கட்டும், அடுத்த அழைப்பு வரும், அதே ஓரம், அதே தெரியாத பக்கம், அக்காவின் கண் அதுவரைக்கும் காத்திருக்குமா. ராணியாக எடுத்தால் அக்காவின் ராஜாவுக்குப் போக இடமில்லை, அத்தோடு முடிந்தது, வரிசையாக நாலாவது தோல்வி, அதற்கப்புறம் அழைப்பு வருமோ வராதோ. யானையாக எடுத்தால்? நாலு படத்தில் யானையைத் தொட்டால்? இவளுக்குத் தெரியும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும், உலகத்தில் வேறு யாரும் அப்படி எடுக்கமாட்டார்கள், இதுவரை இவளுமே எடுத்ததில்லை, மாட்டிக்கொள்ளக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் ராணியையே எடுத்துவந்தாள். முன்னேற வேண்டியவை: தானாக முன்வந்து ஆடுவதில்லை. குழம்பு கெட்டியாகிவருகிறது, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கிறது. கடிகாரத்தில் மணிக்கணக்கு போய் நிமிஷக்கணக்கு வந்துவிட்டது. மேல்வீட்டில் துளை போடுகிற சத்தம் நின்றுவிட்டது. பயமாக இருக்கிறது அக்கா, நீ கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, கண்ணோடு போ.

புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு சிப்பாயைத் தள்ளினாள். நாலு படம் வந்தது. யானையைத் தொட்டாள். தொட்ட பிறகுதான் மூச்சு வந்தது. கறுப்புக்குடையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது, அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த நேரத்தில் சாப்பிடாமல் என்ன செய்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தம். பிறகு பச்சைப் புள்ளி அணைந்தது. போய்விட்டாள். நான் நினைத்த மாதிரியே போய்விட்டாள். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். செல்போன் உப்பு ஜாடியோடு சேர்ந்து அதிர்ந்தது. பிரமு அக்கா என்று திரையில் பெயர். ஸ்பீக்கரைத்தான் தொட முடிந்தது, காதில் வைக்கக் கை வரவில்லை.

ஹலோகூட இல்லை, அக்கா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"ஏட்டி, எப்பவும் ராணியத்தான எடுப்ப. யானைய ஏன் எடுத்த?"

"டப்பாவுல ஒரு ராணிதானக்கா இருக்கு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா அழுது இவள் கேட்டதே கிடையாது, அம்மா போன அன்றைக்குக்கூட.

"எப்பத்துலருந்து தெரியும் ஒனக்கு?"

"மூணாவது ஆட்டத்துலருந்து."

"கள்ளி" என்றாள் அக்கா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலுக்கு வந்தாள். "சரி, அதான் ஜெயிச்சிட்டியே. யானையா இருந்தா என்ன, ராணியா இருந்தா என்ன. எம் ராஜாவுக்குப் போக்கிடமே இல்லயே."

உலகம்மாள் திரையைப் பார்த்தாள். இடம் இருந்தது. ராணியாக இருந்தால்தான் இருக்காது. கறுப்பு ராஜாவுக்குச் சாய்வாக ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது, இவளுக்கு வலது பக்கம். அடுப்பின் மேல் கையை ஊன்றப்போய்ச் சுதாரித்துக்கொண்டாள். கேட்க நினைத்த கேள்விக்கு அக்காவே பதில் சொல்லிவிட்டாள்.

"இருக்குக்கா, நல்லாப் பாரு."

"எங்கன இருக்கு? நானும் அப்போருந்து பாக்கேன்."

"உன் இடது கைப் பக்கம். கண்ணால மட்டும் பாக்காத, தலையத் திருப்பிப் பாரு."

அங்கே நாற்காலி நகர்ந்தது. கலியபெருமாள் எப்போது வந்தாரோ, ஓசைப்படாமல் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

"ஆமாட்டி" என்றாள் அக்கா. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "இங்கன ஒண்ணு கிடக்கே. இத்தன நேரமும் இது எனக்குத் தெரியலயே."

"எத்தன நாளா அக்கா?"

"என்னத்தக் கண்டேன். வரப்போகையில கதவு நிலையில தோள இடிச்சிக்கிட்டே இருந்தேன். வீடுதான் சின்னதாயிட்டு போலன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "பயமா இருக்குட்டி."

"நான் இன்னைக்கு ரயிலுக்கு வாரேன். நாளைக்குக் காலையிலயே டாக்டர்ட்ட போறோம். அதுவரைக்கும் நீ வெளிய எறங்காத, அடுப்புப் பக்கம் போகாத, அடுத்த வீட்டு அக்காவ வந்து கூட இருக்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் அந்தப் பந்தியும் அந்தச் சாம்பார் வாளியும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், வராமல் எப்படி இருக்கும்.

"கேக்கதுக்கு வாரியா?" என்றாள் மெதுவாக.

"இல்லக்கா. உனக்கு இடது பக்கமா நடந்து வாரதுக்கு."

லைனில் இருக்கிறாளா என்று இவள் கேட்க வாயெடுத்தபோது செல்போனில் டிங் என்றது. கறுப்பு ராஜா சாய்வாக ஓரடி எடுத்துவைத்து யானைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

"யானைய எடுத்துக்கிட்டு ஓடுட்டி" என்றாள் அக்கா. "அடுத்ததுல வெட்டிருவேன்."